ஒரு பெரிய முழு எண்ணை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பது எப்படி? 1,23,45,67,890-ஐ வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பெரிய முழு எண்ணின் பண்புகள் என்று தேடினால் நீளமான பட்டியல் ஒன்று கிடைக்கும்: இத்தனை காரணிகள், காரணிகளின் கூடுதல் இவ்வளவு, இரும வடிவம் இது, இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியாது, இப்படி. ஒவ்வொன்றும் தனித்தனிச் செய்தி போலத் தெரியும். ஆனால் கிட்டத்தட்ட எல்லாமே எண்ணின் பகாக் காரணிகளிலிருந்துதான் வருகின்றன. அவற்றைக் கண்டுபிடிப்பதில்தான் உழைப்பு. அது முடிந்துவிட்டால் மீதி எல்லாம் சில பெருக்கல்கள்.

இங்கே 1,23,45,67,890 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். நூற்று இருபத்து மூன்று கோடியே நாற்பத்தைந்து லட்சத்து அறுபத்தேழாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு. இலக்கங்கள் வரிசையாக இருப்பதால் எழுதும்போது தவறு நேராது. தாளும் சாதாரணக் கால்குலேட்டரும் போதும் என்ற அளவில் சிறியது. அதே சமயம், கண்ணால் பார்த்தே காரணிகளைச் சொல்லிவிட முடியாத அளவுக்குப் பெரியது.

தொடங்குமுன்: கருவியின் எல்லை

பத்து இலக்கத்துக்கு மேல் காட்டாத கால்குலேட்டரில் இடைக்கணக்குகள் பெரிதானதும் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் போய்விடும். விரிதாள் மென்பொருள்கள் பொதுவாக 15 இலக்கங்கள் வரைதான் சரியாக வைத்திருக்கும். பதினாறாவது இலக்கத்திலிருந்து சுழியம் போட்டு நிரப்பிவிடும். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகையும் 9,00,71,99,25,47,40,992-ஐ (2-இன் 53-ஆம் அடுக்கு) தாண்டினால் அடுத்தடுத்த முழு எண்களைப் பிரித்தறியாது. மீதி பார்க்கும் வேலையில் கடைசி இலக்கம் தவறினால் முழுக் கணக்கும் தவறு. பைத்தானில் முழு எண்ணுக்கு அளவு வரம்பு கிடையாது, அதனால் பெரிய எண்களுக்கு அது பாதுகாப்பு. ஆனால் அங்கேயும் ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்தால் விடை தசம எண்ணாக மாறி, துல்லியம் போய்விடும். முழு எண் வகுத்தலுக்கு இரட்டைச் சாய்கோடு போட வேண்டும்.

படி 1: இலக்கங்களிடம் கேட்டு முடிக்க வேண்டியவை

செலவில்லாத சோதனைகளை முதலில் செய்துவிடுங்கள். கடைசி இலக்கம் 0, ஆகவே 2-ஆலும் 5-ஆலும் வகுபடும். கடைசி இரண்டு இலக்கங்கள் 90, அது 4-ஆல் வகுபடாது. ஆகவே எண்ணில் 2 ஒரே ஒரு முறைதான் இருக்கிறது. இந்தச் சின்னத் தகவலே ஒரு பெரிய முடிவைத் தந்துவிடுகிறது: எண் முழு வர்க்கமோ முழு கனமோ வேறெந்த முழு அடுக்கோ ஆக முடியாது. அப்படி ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு பகாக் காரணியும் குறைந்தது இரண்டு முறையாவது வந்தாக வேண்டும். 35,136-இன் வர்க்கம் 1,23,45,38,496 என்றும் 35,137-இன் வர்க்கம் 1,23,46,08,769 என்றும் பெருக்கிப் பார்த்தும் உறுதி செய்யலாம், ஆனால் அதற்குத் தேவையே இல்லை.

இலக்கங்களின் கூடுதல் 45. அது 9-இன் மடங்கு, ஆகவே எண்ணும் 9-ஆல் வகுபடும். 0 முதல் 9 வரை எல்லா இலக்கங்களும் ஒருமுறை வரும் பத்து இலக்க எண் எதுவானாலும் கூடுதல் 45-தான். அப்படிப்பட்ட எண்கள் 32,65,920 இருக்கின்றன, அவை அனைத்தும் 9-ஆல் வகுபடும், ஒன்றுகூடப் பகா எண் இல்லை.

கூடுதல் 45 என்றதும் 27-ஆலும் வகுபடுமா என்று தோன்றும். இங்கே இலக்கக் கூடுதல் உதவாது, அந்த விதி 3-க்கும் 9-க்கும் மட்டுமே. 27-க்கும் 37-க்கும் வலமிருந்து மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரித்துக் கூட்ட வேண்டும், ஏனெனில் 999 = 27 × 37. நம் எண்ணுக்கு 1 + 234 + 567 + 890 = 1,692. மறுபடியும் 1 + 692 = 693. இதை 27-ஆல் வகுத்தால் மீதி 18, 37-ஆல் வகுத்தால் மீதி 27. இரண்டாலும் வகுபடாது.

7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் பார்க்கலாம், ஏனெனில் 1,001 = 7 × 11 × 13. அதே மும்மூன்று இலக்கத் தொகுப்புகளை மாறி மாறிக் கழித்தும் கூட்டியும் எழுதுங்கள்: 890 − 567 + 234 − 1 = 556. இதை 7-ஆல் வகுத்தால் மீதி 3, 11-ஆல் 6, 13-ஆல் 10. மூன்றும் இல்லை. 101-க்கு இரண்டிரண்டு இலக்கங்கள்: 90 − 78 + 56 − 34 + 12 = 46. அதுவும் இல்லை.

இந்த இடத்தில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. நாம் கோடி, லட்சம் முறையில் காற்புள்ளி போடுகிறோம்: 1,23,45,67,890. அந்தக் காற்புள்ளிகளையே தொகுப்புகளாக எடுத்துக்கொண்டு 890 − 67 + 45 என்று போனால் வரும் விடைக்கு எந்தப் பொருளும் இல்லை. 1,001 சோதனை வேலை செய்வதே 1,000-ஐ 1,001-ஆல் வகுத்தால் மீதி −1 என்பதால்தான். ஆகவே தொகுப்பு ஒவ்வொன்றும் ஆயிரத்தின் அடுக்காக நகர வேண்டும். சோதனைக்கு முன் எண்ணைக் காற்புள்ளி இல்லாமல் ஒருமுறை எழுதி, வலமிருந்து மூன்று மூன்றாகக் கோடு போட்டுக்கொள்வது நல்லது.

படி 2: கிடைத்ததை உரித்தெடுத்தல்

2, 5, 9 மூன்றையும் வெளியே எடுத்தால் 1,23,45,67,890 ÷ 90 = 1,37,17,421. இனி வேலை முழுவதும் இந்த எட்டு இலக்க எண்ணோடுதான். இதன் இலக்கக் கூடுதல் 26, ஆகவே 3 இனி இல்லை. 7, 11, 13, 37, 101 ஆகியவை பெரிய எண்ணையே வகுக்காதபோது அதன் காரணியையும் வகுக்க முடியாது, அதனால் அவற்றை மறுபடி சோதிக்க வேண்டாம்.

அடுத்த சின்னப் பகா எண்கள் 17, 19, 23, 29. ஒவ்வொன்றுக்கும் எட்டு இலக்க வகுத்தல் செய்வதற்குப் பதில் நான்கையும் ஒன்றாகக் கட்டிவிடலாம். 17 × 19 × 23 × 29 = 2,15,441. 1,37,17,421-ஐ இதனால் ஒரே ஒரு முறை வகுத்தால் மீதி 1,44,638. இனி இந்த ஆறு இலக்க மீதியைச் சோதித்தால் போதும்: 17-ஆல் வகுத்தால் மீதி 2, 19-ஆல் 10, 23-ஆல் 14, 29-ஆல் 15. எதுவும் வகுக்கவில்லை. கணினி நிரல்களிலும் இதே உத்திதான்: ஆயிரக்கணக்கான சின்னப் பகா எண்களின் பெருக்கற்பலனோடு மீப்பெரு பொதுக் காரணி பார்ப்பார்கள். அது 1 என்று வந்தால் அத்தனை பகா எண்களும் ஒரே அடியில் விலகிவிடும்.

எதுவரை வகுத்துப் பார்ப்பது? எண்ணின் வர்க்கமூலம் வரை, அதற்கு மேல் தேவையில்லை. இங்கே அது 3,703-ஐச் சற்றுத் தாண்டுகிறது. பகு எண் என்றால் அதற்குள் ஒரு பகாக் காரணி இருந்தே ஆக வேண்டும். ஆனால் அந்த எல்லைக்குள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன. கையால் செய்பவர் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, இன்னொரு வழி இருக்கிறது.

படி 3: பகா எண்ணா என்று முதலில் கேளுங்கள்

காரணி தேடுவதற்கு முன் காரணி இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது புத்திசாலித்தனம். பகா எண்ணிடம் காரணி தேடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது வீண்.

ஃபெர்மாவின் சிறு தேற்றம் இதற்கு உதவுகிறது. ஓர் எண் ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருந்தால், 2-ஐ (அந்த எண் − 1) முறை பெருக்கி அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். வராவிட்டால் அது நிச்சயம் பகு எண். ஒரு கோடிக்கு மேற்பட்ட அடுக்கு என்று மலைக்க வேண்டாம், வர்க்கப்படுத்தி மீதி எடுத்து, மறுபடி வர்க்கப்படுத்திப் போனால் 1,37,17,421-க்கு 23 வர்க்கங்களில் முடிந்துவிடும். ஒவ்வொரு வர்க்கத்துக்குப் பிறகும் மீதி எடுத்தாக வேண்டும். கடைசியில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் எண் பல லட்சம் இலக்கங்களாக வீங்கிவிடும்.

மீதி 1 வந்தால் பகா எண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 341 = 11 × 31 என்பது 2-ஐ வைத்துச் செய்யும் இந்தச் சோதனையில் தேறிவிடும். 561 = 3 × 11 × 17 இன்னும் மோசம், தனக்குச் சார்பகாவான (1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாத) எந்த அடிமானத்தை, அதாவது 2-க்குப் பதில் வைக்கும் எண்ணை, எடுத்தாலும் தேறிவிடும். 561 போன்றவற்றுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். அதனால்தான் நடைமுறையில் இதையே கடுமையாக்கிய மில்லர்–ராபின் சோதனையைப் பயன்படுத்துகிறார்கள். 3,21,50,31,751-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் 2, 3, 5, 7 என்ற நான்கு அடிமானங்களோடு மில்லர்–ராபின் செய்தால் விடை ஐயமின்றிச் சரி. நம் எண் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது; 1,37,17,421-ஐச் சோதித்தால் பகு எண் என்றே விடை வரும். எவ்வளவு பெரிய எண்ணுக்கும் ஊகம் எதுவுமின்றி, நியாயமான நேரத்துக்குள் விடை தரும் முறை உண்டு என்பதை 2002-இல் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் நிறுவினார்கள். எண்கணிதத்தின் பெரிய சாதனைகளில் அது ஒன்று, ஆனால் அன்றாடப் பயன்பாட்டில் மில்லர்–ராபின்தான் வேகம்.

படி 4: ஃபெர்மாவின் காரணிப்படுத்தல்

எந்த ஒற்றைப்படைப் பகு எண்ணையும் இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதலாம். அ² − ஆ² = (அ − ஆ)(அ + ஆ) என்பதால் அப்படி எழுதிய கணமே காரணிகள் கிடைத்துவிடும். செய்முறை:

1. வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணை அ என்று எடுத்துக்கொள்ளுங்கள். 3,703² = 1,37,12,209 போதாது. 3,704² = 1,37,19,616 தாண்டுகிறது. ஆகவே அ = 3,704.
2. அ²-இலிருந்து நம் எண்ணைக் கழியுங்கள்: 1,37,19,616 − 1,37,17,421 = 2,195. இது வர்க்கமா? 5-இல் முடியும் வர்க்கம் எப்போதும் 25-இல்தான் முடியும், இது 95-இல் முடிகிறது. மூலம் எடுக்காமலே தள்ளிவிடலாம்.
3. அ-வை ஒன்று கூட்டுங்கள். 3,705² = 1,37,27,025. கழித்தால் 9,604. இது 98-இன் வர்க்கம்.
4. ஆகவே காரணிகள் 3,705 − 98 = 3,607 மற்றும் 3,705 + 98 = 3,803.

இரண்டே முயற்சி! ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் போயிருந்தால் 3,607-ஐ அடைய, 2, 3, 5 நீங்கலாக, 501-ஆவது வகுத்தல் வரை போக வேண்டியிருந்திருக்கும். 1643-இல் ஃபெர்மா இதே முறையில் 2,02,76,51,281-ஐ 44,021 × 46,061 என்று பிரித்துக் காட்டினார். அங்கே 45,030-இல் தொடங்கி 45,041-இல் முடிகிறது, பன்னிரண்டு முயற்சிகள்.

இது எப்போது காலை வாரும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். முயற்சிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டு காரணிகளின் சராசரிக்கும் எண்ணின் வர்க்கமூலத்துக்கும் உள்ள தூரம். காரணிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது சில படிகள். ஒரு காரணி 7 என்று வைத்துக்கொள்ளுங்கள், இதே அளவுள்ள எண்ணுக்கு ஏறத்தாழ 9,76,000 படிகள் ஆகும். சின்னக் காரணிகளை முன்கூட்டியே வெளியே எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். மறைகுறியீட்டில் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. சாவிகளுக்கு இரண்டு பகா எண்கள் மிக நெருக்கமாக இருக்கக்கூடாது என்று தரவிதியிலேயே எழுதி வைத்திருப்பதும் இந்த முறைக்குப் பயந்துதான்.

படி 5: சரிபார்ப்பு

3,607-உம் 3,803-உம் பகா எண்களா? முதலாவதற்கு 59 வரையும், இரண்டாவதற்கு 61 வரையும் உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். 29 வரை நாம் ஏற்கெனவே பெருக்கற்பலனையே சோதித்துவிட்டோம், 37-உம் முடிந்தது. ஆகவே 31, 41, 43, 47, 53, 59, 61 மட்டும்தான் மிச்சம். செய்து பார்த்தால் எதுவும் வகுப்பதில்லை. இரண்டும் பகா எண்கள்.

பெருக்கல் சரியா என்பதற்கு 9, 11 இரண்டின் மீதிகளையும் பாருங்கள். 9-ஆல் வகுத்தால் 3,607-க்கு மீதி 7, 3,803-க்கு 5. 35-க்கு மீதி 8. 1,37,17,421-இன் கூடுதல் 26-க்கும் மீதி 8. 11-க்கு 10 × 8 = 80, மீதி 3. பெருக்கற்பலனுக்கும் 3. ஒன்று மட்டும் பார்த்து விட்டுவிடக்கூடாது: பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் 9-இன் மீதி மாறாது, 11-இன் மீதிதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஆக, 1,23,45,67,890 = 2 × 3² × 5 × 3,607 × 3,803.

படி 6: காரணிகளிலிருந்து கொட்டும் பண்புகள்

காரணிகளின் எண்ணிக்கை: ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்க வேண்டும். 2 × 3 × 2 × 2 × 2 = 48. எல்லாவற்றையும் எழுத வேண்டுமானால் 90-இன் பன்னிரண்டு காரணிகளை (1, 2, 3, 5, 6, 9, 10, 15, 18, 30, 45, 90) எழுதி, ஒவ்வொன்றையும் 1, 3,607, 3,803, 1,37,17,421 ஆகியவற்றால் பெருக்குங்கள். ஒன்றும் விடுபடாது. இவற்றுள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய இணை 34,227 × 36,070.

காரணிகளின் கூடுதல்: (1+2)(1+3+9)(1+5)(1+3,607)(1+3,803) = 3 × 13 × 6 × 3,608 × 3,804 = 3,21,16,10,688. எண்ணையே கழித்துவிட்டால் 1,97,70,42,798. அது எண்ணை விடப் பெரிது, ஆகவே இது ஒரு மிகை எண்.

இந்த எண்ணை விடச் சிறிய, இதற்குச் சார்பகாவான எண்களின் எண்ணிக்கை, அதாவது ஆய்லர் சார்பின் மதிப்பு: 1 × 6 × 4 × 3,606 × 3,802 = 32,90,40,288. தவறு நேர்வது 9-இல்தான். 9-ஐப் பகா எண் போல நினைத்து 8 என்று போடுவார்கள், அல்லது 3-க்கு 2 என்று இருமுறை பெருக்கி 4 என்று போடுவார்கள். சரியானது 9 − 3 = 6.

வர்க்கக் காரணி இல்லாத எண்ணா என்றால், இல்லை, 9 உள்ளே இருக்கிறது. பகாக் காரணிகளை ஒவ்வொரு முறை மட்டும் பெருக்கினால் 41,15,22,630. இலக்கக் கூடுதலான 45-ஆல் வகுபடுவதால் இது ஹர்ஷத் எண்ணும்கூட, ஈவு 2,74,34,842.

தொடர்ச்சியான நேர்ம முழு எண்களின் (1, 2, 3 போன்றவற்றின்) கூடுதலாக எத்தனை விதமாக எழுதலாம்? ஒற்றைப்படைக் காரணிகள் எத்தனையோ அத்தனை, எண்ணைத் தனியே எழுதுவதையும் சேர்த்து. இங்கே 24. அவற்றுள் எளிதானது ஒன்று: 30,86,41,971 + 30,86,41,972 + 30,86,41,973 + 30,86,41,974.

முக்கோண எண்ணா என்பதற்கு எட்டால் பெருக்கி ஒன்று கூட்டினால் முழு வர்க்கம் வர வேண்டும். வருவது 9,87,65,43,121, பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் அதன் வர்க்கமூலம் 99,380-க்கும் 99,381-க்கும் நடுவே விழுகிறது, முழு வர்க்கமில்லை. ஆகவே முக்கோண எண் இல்லை.

வர்க்கங்களின் கூடுதல்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் காரணிகள் தெரியாமல் இங்கே ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது.

இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத வேண்டுமானால், 4-ஆல் வகுத்தால் மீதி 3 தரும் பகா எண் ஒவ்வொன்றும் இரட்டைப்படை அடுக்கில் வர வேண்டும். 3 இரண்டு முறை வருகிறது, பிரச்சினை இல்லை. 3,607-உம் 3,803-உம் மீதி 3 தருபவை, இரண்டும் ஒருமுறைதான் வருகின்றன. ஆகவே முடியாது. இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாகவும் முடியாது: 4-ஆல் வகுத்தால் மீதி 2 தரும் எந்த எண்ணுக்கும் அது வாய்க்காது.

மூன்று வர்க்கங்கள்? 8-ஆல் வகுத்தால் மீதி 7 தரும் எண்களையும், அவற்றை 4-இன் அடுக்குகளால் பெருக்கி வருபவற்றையும் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதலாம் என்பது லெஜாந்தரின் தேற்றம். நம் எண்ணின் மீதி 2, ஆகவே முடியும். கண்டுபிடிப்பது எப்படி? வர்க்கங்களை 8-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 மட்டுமே வரும். மூன்றைச் சேர்த்து 2 வர வேண்டுமானால் 0 + 1 + 1 ஒன்றுதான் வழி. ஆகவே ஒரு வர்க்கத்தின் மூலம் 4-இன் மடங்கு. பெரிய மூலமாக அதையே வைத்துப் பார்ப்போம்.

முதலில் 35,136. கழித்தால் எஞ்சுவது 29,394 = 2 × 3² × 23 × 71. இதில் 23-உம் 71-உம் மீதி 3 தருபவை, உதவாது. அடுத்து 35,132. அதன் வர்க்கம் 1,23,42,57,424, எஞ்சுவது 3,10,466 = 2 × 13 × 11,941. 13-உம் 11,941-உம் 4-ஆல் வகுத்தால் மீதி 1 தரும் பகா எண்கள், ஆகவே முடியும். 13 = 3² + 2², 11,941 = 95² + 54². இரண்டு வர்க்கக் கூடுதல்களைப் பெருக்கினால் வருவதும் வர்க்கக் கூடுதலே: (3×95 + 2×54) = 393, (2×95 − 3×54) = 28. பிறகு 2-ஆல் பெருக்க, இரண்டின் கூடுதலும் வித்தியாசமும்: 421, 365.

1,23,45,67,890 = 35,132² + 421² + 365².

இரும, பதினறும வடிவம்

16-ஆல் திரும்பத் திரும்ப வகுத்து மீதிகளைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். ஈவு 7,71,60,493 மீதி 2; 48,22,530 மீதி 13; 3,01,408 மீதி 2; 18,838 மீதி 0; 1,177 மீதி 6; 73 மீதி 9; 4 மீதி 9; கடைசியாக 4. பதினறுமத்தில் 13-ஐ டி என்ற எழுத்தால் குறிப்பார்கள், ஆக 4 9 9 6 0 2 டி 2. நடுவில் வரும் மீதி 0-வை எழுத மறப்பது வழக்கமான தவறு. ஒவ்வொரு இலக்கத்தையும் நான்கு இருமங்களாக (0 அல்லது 1 என்ற இலக்கங்களாக) விரித்தால் 1001001100101100000001011010010. மொத்தம் 31 இருமங்கள், அவற்றில் ஒன்றுகள் 12, சுழியங்கள் 19.

31 இருமங்கள் என்பதால் குறியுள்ள 32 இருமப் பெட்டியில் (உச்சம் 2,14,74,83,647) இது அடங்கிவிடும். ஆனால் இரண்டால் பெருக்கினால் வழிந்துவிடும். 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து வினாடிகளை எண்ணும் யூனிக்ஸ் கடிகாரம் இந்த எண்ணைத் தொட்டது 2009 பிப்ரவரி 13, யூ.டி.சி. நேரப்படி 23:31:30-க்கு.

தலைகீழ்: ஒன்றின் கீழ் இந்த எண்

1-ஐ நம் எண்ணால் வகுத்தால் தசமம் முடியாது, எங்கோ திரும்ப வரத் தொடங்கும். எத்தனை இலக்கங்களுக்கு ஒருமுறை? 2-உம் 5-உம் ஒவ்வொரு முறை இருப்பதால் சுழற்சிக்கு முன் ஓர் இலக்கம் தனியே நிற்கும். 9-க்குச் சுழற்சி 1. மீதி இரண்டுக்கும், 10-இன் எந்த அடுக்கில் முதன்முறையாக மீதி 1 வருகிறது என்று பார்க்க வேண்டும்.

3,607-க்கு அந்த அடுக்கு 3,606 = 2 × 3 × 601-ஐ வகுக்கும் எண்ணாகத்தான் இருக்கும். எல்லா அடுக்குகளையும் சோதிக்கத் தேவையில்லை. 3,606-ஐ 2, 3, 601 ஆகியவற்றால் வகுத்துக் கிடைக்கும் மூன்று அடுக்குகள் போதும்: 10-இன் 1,803-ஆம் அடுக்குக்கு மீதி 3,606, 1,202-ஆம் அடுக்குக்கு 1,399, 6-ஆம் அடுக்குக்கு 861. எதுவும் 1 இல்லை, ஆகவே சுழற்சி முழு 3,606. 3,803-க்கு 10 ஒரு வர்க்க மீதி (ஏதோ ஒரு முழு வர்க்கத்தை 3,803-ஆல் வகுத்தால் மீதி 10 வரும்) என்பதால் சுழற்சி 3,802-இன் பாதியான 1,901-ஐ வகுக்கும். 1,901 பகா எண், ஆகவே அதுவேதான். இரண்டின் மீச்சிறு பொது மடங்கு 3,606 × 1,901 = 68,55,006. தனித்து நிற்கும் ஓர் இலக்கத்துக்குப் பிறகு, 68,55,006 இலக்கங்களுக்கு ஒருமுறை அதே வரிசை திரும்ப வரும். கால்குலேட்டர் திரையில் இந்தச் சுழற்சியை யாரும் பார்க்க முடியாது, காரணிகள் வழியாக மட்டுமே அறியலாம்.

எண் இன்னும் பெரிதானால்

வரிசை மாறாது: சின்னப் பகா எண்கள், மில்லர்–ராபின், பிறகு காரணி தேடல். தேடும் கருவிதான் மாறும். 20 இலக்கம் வரை போலார்டின் ரோ முறை (1975) சட்டென்று முடித்துவிடும். அதற்கு ஆகும் சுற்றுகள் சின்னக் காரணியின் வர்க்கமூலத்தை ஒட்டியே இருக்கும். நடுத்தரக் காரணிகளுக்கு லென்ஸ்ட்ராவின் நீள்வட்ட வளைவு முறை. காரணிகள் எல்லாமே பெரிதாக இருந்தால் 100 இலக்கத்தை ஒட்டி இருபடிச் சல்லடை, அதற்கு மேல் எண்புலச் சல்லடை. ஆர்.எஸ்.ஏ.-250 என்ற 250 இலக்க எண்ணை 2020 பிப்ரவரியில் பிரித்தது கடைசியில் சொன்ன முறைதான். பாரி/ஜிபி, சேஜ் போன்ற இலவச மென்பொருள்களில் முதல் சில முறைகள் தயாராகவே இருக்கின்றன. 60 இலக்க எண்ணை வீட்டுக் கணினியிலேயே முடித்துவிடலாம்.

ஒரு முறை நெடுநேரம் ஓடியும் விடை தராவிட்டால் அதையே இன்னும் ஓடவிடாதீர்கள். ரோ முறை சில லட்சம் சுற்றுகளில் எதையும் காட்டாவிட்டால், எண்ணில் சின்னக் காரணி இருக்க வாய்ப்புக் குறைவு என்று பொருள். அடுத்த முறைக்கு மாறுங்கள்.

பக்கத்து எண்ணுக்கும் சான்று

1,23,45,67,890-ஐ முழுவதும் பிரித்துவிட்டதில் இன்னொரு ஆதாயமும் இருக்கிறது. அடுத்த எண்ணான 1,23,45,67,891 ஒரு பகா எண். அதை ஐயமின்றி நிறுவ லூக்காவின் முறைக்கு வேண்டியது, ஒன்று குறைவான எண்ணின் பகாக் காரணிகள். அவைதான் நம் கையில் இருக்கின்றனவே. அடிமானம் ஒன்றை எடுத்து 1,23,45,67,890-ஆம் அடுக்குக்கு உயர்த்தி 1,23,45,67,891-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். அதே அடுக்கை 2, 3, 5, 3,607, 3,803 ஆகிய ஒவ்வொன்றாலும் வகுத்து உயர்த்தினால் மீதி 1 வரக்கூடாது. ஆறு கணக்குகள், ஒவ்வொன்றும் 30 வர்க்கங்களுக்கு மிகாது. ஓர் அடிமானம் ஏதாவது ஒரு காரணியில் சறுக்கினால் அந்தக் காரணிக்கு மட்டும் வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கும் முழு அடுக்கில் மீதி 1 வருவதைச் சரிபார்க்க வேண்டும். சான்றில் வரும் 3,607 பகா எண் என்பதற்கும் இதே வடிவில் தனிச் சான்று எழுதலாம். தசமச் சுழற்சிக்காக மேலே பார்த்த மூன்று மீதிகளோடு, 10-இன் 3,606-ஆம் அடுக்குக்கு மீதி 1 என்பதையும் சேர்த்துவிட்டால் அது முழுமையாகிவிடும்.